ஆறாம் வகுப்பில் நின்றுபோகும் காலை உணவு: புதுப் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு வேறென்ன மாறுகிறது?

ஏப்ரல் வரை அந்தப் பிள்ளைதான் பள்ளியிலேயே பெரிய ஆள். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் முன்னால் நின்று திருக்குறள் சொல்வது, ஒன்றாம் வகுப்புப் பொடிசுகளை வரிசையில் நிறுத்துவது, டீச்சருக்கு சாக்பீஸ் எடுத்து வருவது எல்லாமே அஞ்சாம் கிளாஸ்காரர்கள் வேலை. ஜூனில் பள்ளி திறக்கும்போது அதே பிள்ளை வேறொரு கேட்டுக்குள் நுழைகிறது. அங்கே மீசை முளைத்த பன்னிரண்டாம் வகுப்பு அண்ணன்கள் நிற்கிறார்கள். பெல் அடித்தால் டீச்சர் மாறுகிறார். பாத்ரூம் எந்தப் பக்கம் என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

வீட்டில் இதை ‘அஞ்சு முடிச்சு ஆறுக்குப் போறா’ என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுவார்கள். பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் இருக்கும் பரபரப்பில் பத்தில் ஒரு பங்குகூட இதற்குக் கிடையாது. ஆனால், அரசுப் பள்ளிப் பிள்ளை ஒன்றின் வாழ்க்கையில் ஒரே நாளில் இத்தனை விஷயம் மாறுவது இந்த இடத்தில்தான். அதில் சிலவற்றை மாற்றியமைக்க அரசால் முடியும். சிலவற்றை இரண்டு தலைமை ஆசிரியர்கள் நினைத்தாலே போதும்.

யாருக்கு மாறுகிறது?

தமிழ்நாட்டில் தொடக்கப்பள்ளி என்றால் 1 முதல் 5ஆம் வகுப்பு வரை. நடுநிலைப்பள்ளி 8 வரை. உயர்நிலைப்பள்ளியும் மேல்நிலைப்பள்ளியும் பெரும்பாலும் 6-ல் தொடங்கி, முறையே 10 வரையும் 12 வரையும் போகும். ஆக, தொடக்கப்பள்ளியில் படித்த பிள்ளை 6ஆம் வகுப்புக்குக் கட்டாயம் வேறு பள்ளிக்குப் போயாக வேண்டும். நடுநிலைப்பள்ளிப் பிள்ளைக்கு அந்த மாற்றம் மூன்று வருஷம் தள்ளி, 9ஆம் வகுப்பில் வரும்.

தூரமும் கூடுகிறது. கல்வி உரிமைச் சட்டத்துக்காகத் தமிழ்நாடு 2011-ல் வகுத்த விதிகளின்படி, 1 முதல் 5 வரையிலான வகுப்புகளுக்கு 1 கிலோமீட்டருக்குள் பள்ளி இருக்க வேண்டும். 6 முதல் 8 வரை என்றால் அந்த வரம்பு 3 கிலோமீட்டர். அதாவது, தெருமுனையில் இருந்த பள்ளி பஸ் ஏறிப் போகும் பள்ளி ஆகிவிடுவதை விதியே ஏற்றுக்கொள்கிறது.

நான்கு மாற்றங்கள், ஒரே நாளில்

முதல் மாற்றம் டீச்சர். சின்ன தொடக்கப்பள்ளிகளில் இரண்டு ஆசிரியர்களே ஐந்து வகுப்பையும் பார்த்துக்கொள்வார்கள். கல்வி உரிமைச் சட்டமே 60 மாணவர்கள் வரை இரண்டு ஆசிரியர்கள் என்றுதான் கணக்குச் சொல்கிறது. அதில் ஒரு குறை உண்டு, ஒரு பெரிய நிறையும் உண்டு. அந்த டீச்சருக்குப் பிள்ளையின் வீடு தெரியும், அப்பா குடிப்பது தெரியும், எந்தக் கணக்கில் தடுமாறும் என்பது தெரியும். ஆறாம் வகுப்பில் பாடங்கள் அதே ஐந்துதான்: தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல். ஆனால், பாடத்துக்கு ஒரு டீச்சர். ஐந்து பேருக்குமே அந்தப் பிள்ளையைக் கொஞ்சம் கொஞ்சம் தெரியும். முழுசாகத் தெரிந்தவர் என்று யாரும் இல்லை.

இரண்டாவது, நேரம். நடந்து போன பிள்ளை இப்போது பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். ஊருக்கு வருவதே காலையில் ஒரு பஸ் என்றால், அது எப்போது வருகிறதோ அதுதான் பள்ளி நேரம்.

மூன்றாவது, உடம்பு. 10, 11 வயது என்பது பல பெண் குழந்தைகள் பூப்பெய்தும் வயது. புதுப் பள்ளி, புது முகங்கள், அறிமுகமே இல்லாத ஆண் ஆசிரியர்கள் என்று எல்லாம் கூடி வரும் அதே வருஷத்தில் இதுவும் வருகிறது.

நான்காவது, சாப்பாடு. இதுதான் அதிகம் பேசப்படாதது.

நின்றுபோகும் காலை உணவு

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது. முதலில் 1,545 அரசுப் பள்ளிகளில் 1.14 லட்சம் பிள்ளைகள். 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும் விரிந்தது. 2024 ஜூலையில் ஊரகப் பகுதி அரசு உதவிபெறும் பள்ளிகளும், 2025 ஆகஸ்டில் நகர்ப்புற உதவிபெறும் பள்ளிகளும் சேர்ந்தன. இப்போது 20 லட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகள் இதில் சாப்பிடுகிறார்கள். நாடு முழுக்கத் திரும்பிப் பார்த்த திட்டம் இது. அதில் சந்தேகமில்லை.

ஆனால், இந்த ஒவ்வொரு விரிவாக்கத்திலும் பள்ளிகளின் எண்ணிக்கைதான் கூடியது. வகுப்பு வரம்பு 5-ல் தொடங்கியது, 5-லேயே நிற்கிறது.

இதன் பொருள் என்ன? ஒரு பிள்ளை வீட்டுக்குப் பக்கத்தில், தாமதமாகக் கிளம்பினாலும் போய்ச் சேரக்கூடிய பள்ளியில் படிக்கும்வரை பொங்கலோ உப்புமாவோ கிடைக்கிறது. சீக்கிரம் கிளம்பி, பஸ் பிடித்து, தூரமாகப் போகத் தொடங்கும் ஜூன் மாதத்தில் அது நின்றுவிடுகிறது. விடிவதற்கு முன்பே வேலைக்குக் கிளம்பும் அம்மாக்களின் வீட்டில் அடுத்து அடுப்பு எரிவது சாயங்காலம்தான். அந்தப் பிள்ளைக்கு அன்றைய முதல் சாப்பாடு மதிய சத்துணவு. வளர்ச்சி வேகமெடுக்கும் வயதில், காலையின் நான்கு பீரியட் வெறும் வயிற்றில் போகிறது.

நடுநிலைப்பள்ளியில் இது இன்னும் கண்கூடு. ஒரே காம்பவுண்டு, ஒரே சமையலறை. நான்காம் வகுப்புத் தம்பிக்குத் தட்டு வைக்கப்படும். அவனைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்த ஆறாம் வகுப்பு அக்காவுக்கு, விதிப்படி, கிடையாது.

சைக்கிள் கதையும் இதே மாதிரிதான். அரசின் விலையில்லா சைக்கிள் கிடைப்பது 11ஆம் வகுப்பில். தூரம் கூடுவது 6ஆம் வகுப்பில். நடுவில் ஐந்து வருஷம். இலவச பஸ் பாஸ் இருக்கிறது, உண்மைதான். பஸ்ஸே வராத ஊருக்குப் பாஸ் எதற்கு?

செலவாகும் என்ற பதில் எதிர்பார்க்கக்கூடியதே. 6 முதல் 8 வரை மூன்று வகுப்புகளுக்கும் ஒரே நேரத்தில் முடியாவிட்டால், சமையலறை ஏற்கெனவே இயங்கும் நடுநிலைப்பள்ளிகளில் முதலில் தொடங்கலாம். அங்கே அடுப்பு, பாத்திரம், ஆள் எல்லாம் தயாராக இருக்கின்றன. கூடுவது அரிசி, ரவை, காய்கறிச் செலவும் கொஞ்சம் கூலியும்தான். காலை உணவு எதற்காகத் தொடங்கப்பட்டதோ அந்தக் காரணம் பத்து வயதில் காலாவதியாகிவிடுவதில்லை.

படிப்பு எங்கே தடுக்குகிறது?

நாட்டின் கிராமப்புறங்களில் 5ஆம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் 48.8 சதவீதம் என்கிறது ‘ஏசர்’ 2024 அறிக்கை. கொரோனாவுக்குப் பிந்தைய 2022-ல் இது 42.8 ஆக இருந்தது. ஏறியிருக்கிறது. ஆனாலும், பாதிப் பேர் பின்தங்கிய நிலையில்தான் ஆறாம் வகுப்புக்குள் வருகிறார்கள்.

தமிழ்நாட்டில் 8ஆம் வகுப்பு வரை யாரையும் ஃபெயில் ஆக்குவதில்லை. 2024 டிசம்பரில் மத்திய அரசு 5, 8ஆம் வகுப்புகளில் நிறுத்திவைக்க விதியைத் திருத்தியபோதும் மாநில அரசு அதை ஏற்கவில்லை. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையும் அதையே உறுதிசெய்தது. சரியான முடிவு. பத்து வயதுப் பிள்ளையை ஃபெயில் என்று நிறுத்தினால், அது அடுத்த வருஷம் நன்றாகப் படிக்கும் என்பதைவிட ஸ்கூலுக்கே வராது என்பதற்குத்தான் வாய்ப்பு அதிகம். ஆனால், மேலே அனுப்புவதோடு அரசின் கடமை முடிவதில்லை. எங்கே தடுமாறுகிறது என்ற தகவலையும் சேர்த்து அனுப்ப வேண்டும்.

அந்தத் தகவல் தொடக்கப்பள்ளியில் இருக்கிறது. 2022-ல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலை பிரித்துப் பாடம் நடக்கிறது. எந்தப் பிள்ளை எந்த நிலையில் நிற்கிறது என்பது அந்த டீச்சருக்கு மனப்பாடம். ஆனால், பிள்ளையின் கையில் கொடுத்து அனுப்பும் மாற்றுச் சான்றிதழில், அதாவது டிசியில், என்ன இருக்கும்? பெயர், பிறந்த தேதி, அங்க மச்சம், நன்னடத்தை. ‘கழித்தலில் கடன் வாங்கத் தெரியாது, ஆனால் கதை அழகாகச் சொல்வாள்’ என்று எழுத அதில் இடம் இல்லை.

இதற்கு நிர்வாகக் காரணமும் உண்டு. தொடக்க, நடுநிலைப் பள்ளிகள் தொடக்கக் கல்வி இயக்ககத்தின் கீழ் வருகின்றன. உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகள் பள்ளிக் கல்வி இயக்ககத்தின் கீழ். பிள்ளை ஒன்றுதான். ஆனால், ஃபைல் இரண்டு அலுவலகத்தில் இருக்கிறது.

6 முதல் 9 வரையிலான வகுப்புகளில் பின்தங்கிய மாணவர்களுக்காக 2025-26 கல்வியாண்டில் ‘திறன்’ என்ற பயிற்சி வந்திருக்கிறது. அடிப்படைத் தேர்வு வைத்து, தேவைப்படுவோருக்குத் தனியாகத் தமிழ், ஆங்கிலம், கணக்கு சொல்லிக்கொடுக்கும் திட்டம். நல்ல தொடக்கம். ஆனாலும் புதுப் பள்ளியில், புது முகங்களுக்கு நடுவே, பயந்துபோய் உட்கார்ந்து எழுதும் தேர்வைவிட, ஐந்து வருஷம் கூட இருந்த டீச்சர் எழுதித் தரும் ஐந்து வரி அதிகம் சொல்லும்.

பள்ளிகள் என்ன செய்யலாம்?

பெரிய நிதி எதுவும் தேவைப்படாத நான்கு வேலைகள் இருக்கின்றன.

ஒன்று, ஏப்ரலில் ஒரு நாள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை அவர்கள் போகப்போகும் பள்ளிக்குக் கூட்டிப்போவது. லேப், லைப்ரரி, விளையாட்டு மைதானம், பாத்ரூம், குடிதண்ணீர்க் குழாய் எல்லாம் எங்கே என்று காட்டிவிட்டால், பாதி பயம் அன்றைக்கே போய்விடும்.

இரண்டு, ஒரு பக்கக் கைமாற்றுக் குறிப்பு. மதிப்பெண் வேண்டாம். வாசிப்பு, எழுத்து, கணக்கு எப்படி, எதில் ஆர்வம், வீட்டுச் சூழலில் கவனிக்க வேண்டியது என்ன என்பவை போதும். இதை இரண்டு இயக்ககங்களும் சேர்ந்து கட்டாயமாக்கினால், தனிப்பட்ட ஆசிரியரின் நல்ல மனசை நம்பி இருக்க வேண்டியதில்லை.

மூன்று, ஆறாம் வகுப்பில் முதல் பருவம் வரையாவது, வகுப்பாசிரியருக்குத் தினமும் தன் வகுப்போடு ஒரு பீரியட் ஒதுக்குவது. டைம் டேபிள் பார்ப்பது எப்படி, ஐந்து நோட்டுகளையும் பிரித்து வைப்பது எப்படி, வீட்டுப்பாடத்தைக் குறித்துக்கொள்வது எப்படி என்பதெல்லாம் யாரும் சொல்லித்தராமல் வருவதில்லை.

நான்கு, ஒன்பதாம் வகுப்பு அண்ணனோ அக்காவோ ஆளுக்கு இரண்டு ஆறாம் வகுப்புப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது. அதே ஊரிலிருந்து அதே பஸ்ஸில் வருபவர் என்றால் இன்னும் நல்லது.

பெற்றோர் தெரிந்துவைக்க வேண்டிய சட்டம்

* டிசி தராமல் இழுத்தடிக்க முடியாது. கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி, கேட்டதும் தலைமை ஆசிரியர் டிசி தர வேண்டும். டிசி வரத் தாமதம் என்பதற்காகப் புதுப் பள்ளி சேர்க்கையைத் தள்ளவோ மறுக்கவோ கூடாது. கட்டண பாக்கியை வசூலிக்கும் கருவியாக டிசியைப் பயன்படுத்தக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றமும் 2024 ஜூலையில் சொல்லியிருக்கிறது.

* நுழைவுத் தேர்வு கூடாது. 8ஆம் வகுப்பு வரை சேர்க்கைக்கு எந்த வடிகட்டலும் வைக்கக் கூடாது என்பது 13ஆம் பிரிவு. பிள்ளைக்கு டெஸ்ட், பெற்றோருக்கு இன்டர்வியூ இரண்டுமே தவறு. முதல் முறை மீறினால் 25,000 ரூபாய் வரையிலும், அடுத்தடுத்த முறைகளுக்கு 50,000 ரூபாய் வரையிலும் அபராதம். சைனிக் பள்ளி போல, சட்டம் தனி வகையாகக் குறிப்பிடும் சில பள்ளிகளின் நிலை வேறு.

* எமிஸ் பதிவை மறக்கக் கூடாது. பழைய பள்ளி, எமிஸ் தளத்தில் பிள்ளையின் பெயரைக் ‘காமன் பூல்’ எனப்படும் பொதுத் தொகுப்புக்கு மாற்றிய பிறகே புதுப் பள்ளியால் சேர்த்துக்கொள்ள முடியும். டிசி வாங்கும் அன்றே இதைக் கேட்டு உறுதிசெய்துவிட்டால் ஜூனில் அலைய வேண்டாம்.

* அருகில் 6ஆம் வகுப்பு உள்ள பள்ளியே இல்லாத குடியிருப்புகளுக்கு, ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் போக்குவரத்து, வழிக்காவலர் உதவிக்கு இடம் உண்டு. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எழுப்பித் தீர்மானமாகப் பதிவுசெய்யலாம்.

சந்தேகம், புகார் எதுவானாலும் பள்ளிக் கல்வித் துறையின் 14417 உதவி எண்ணில் கேட்கலாம். குழந்தையின் பாதுகாப்பு தொடர்பானது என்றால் 1098.

ஆறாம் வகுப்பு முடிவு, பதினெட்டு வயதில் தெரியும்

பல குடும்பங்கள் ‘அஞ்சு வரைக்கும் கவர்மென்ட் ஸ்கூல், ஆறிலிருந்து பிரைவேட்’ என்று முடிவெடுப்பது உண்டு. அது அவரவர் உரிமை. ஆனால், விடுவது என்ன என்று தெரிந்து விட வேண்டும்.

மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் இடஒதுக்கீடு 2020-ல் வந்தது. 2021-ல் பொறியியல், வேளாண்மை, சட்டம் உள்ளிட்ட படிப்புகளுக்கும் நீண்டது. இதற்கான அடிப்படைத் தகுதி 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருப்பது. கல்லூரிக்குப் போகும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் ‘புதுமைப் பெண்’, மாணவர்களுக்கான ‘தமிழ்ப் புதல்வன்’ ஆகிய திட்டங்களும் 6 முதல் 12 வரைதான் பார்க்கின்றன. அவை இரண்டிலும் அரசு உதவிபெறும் பள்ளித் தமிழ்வழி மாணவர்களுக்கும் இடம் உண்டு. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டில் 8 வரை தனியார் பள்ளியில் படித்துவிட்டு, 9 முதல் அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு விதிவிலக்கும் இருக்கிறது.

பயிற்றுமொழியிலும் இதே கவனம் தேவை. அரசு வேலையில் தமிழ்வழியில் படித்தோருக்கான 20 சதவீத முன்னுரிமைக்கு, ஒன்றாம் வகுப்பு முதலே தமிழ்வழியில் படித்ததற்கான சான்று வேண்டும். ஆறாம் வகுப்பில் ஆங்கிலவழிக்கு மாறினால் அந்த முன்னுரிமை அங்கேயே முடிந்துவிடும். எது சரி என்பதை ஒவ்வொரு குடும்பமும் தன் பிள்ளையைப் பார்த்து முடிவுசெய்யட்டும். அட்மிஷன் கவுன்ட்டரில் நின்றுகொண்டு முடிவுசெய்யாமல் இருந்தால் சரி.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

ஜூன், ஜூலையில் பிள்ளை கொஞ்சம் மந்தமாக இருப்பது இயல்பு. பத்துப் பதினைந்து நாளில் ஒரு ஃப்ரெண்ட் கிடைத்துவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால், திங்கட்கிழமை தவறாமல் வயிற்றுவலி, நோட்டு காணோம் என்று அடிக்கடி பொய், சாயங்காலம்வரை பாத்ரூம் போகாமல் அடக்கிக்கொண்டு வருவது, ‘அந்த ஸ்கூல் வேணாம்’ என்ற அழுகை எல்லாம் மாதக்கணக்கில் தொடர்ந்தால், அதை அடம் என்று அதட்டிவிடக் கூடாது. பஸ்ஸில் யாராவது சீண்டுகிறார்களா, வகுப்பில் கேலி செய்கிறார்களா, போர்டில் இருப்பதைப் படிக்கவே முடியவில்லையா என்று பொறுமையாகக் கேட்க வேண்டும். ‘இன்னிக்கு என்ன பாடம் நடந்தது’ என்று கேட்டால் ‘ஒண்ணுமில்ல’ என்றுதான் பதில் வரும். ‘மத்தியானம் யார்கூட உக்காந்து சாப்பிட்ட’ என்று கேட்டுப் பார்த்தால் நிலவரம் தெரியும்.

பெண் குழந்தைக்கு மாதவிடாய் பற்றி ஜூனுக்கு முன்பே அம்மாவோ அக்காவோ பேசிவிடுவது நல்லது. வகுப்பில் முதல் முறை வந்தால் யாரிடம் சொல்வது, நாப்கின் எங்கே கிடைக்கும் என்று தெரிந்திருந்தால், அன்றைக்கு அவள் பெஞ்சை விட்டு எழ பயந்து உட்கார்ந்திருக்க மாட்டாள்.

இதில் ஊரை விட்டு வேலைக்கு வந்த அண்ணன், அக்கா, மாமா, சித்திகளுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. முதல் தலைமுறையாகப் படிக்கும் குடும்பங்களில், மேல்நிலைப்பள்ளி எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான். டிசி, எமிஸ், பயிற்றுமொழி எல்லாவற்றையும் ஒரு போன் காலில் விசாரித்துச் சொல்ல முடியும். ‘எனக்கும் ஆறாங்கிளாஸ்ல முதல் நாள் அழுகை வந்துச்சு’ என்று சொன்னால், அதைவிட ஆறுதல் அந்தப் பிள்ளைக்கு வேறில்லை.

வீடு செய்ய முடிந்தது இவ்வளவு. காலையில் தட்டில் சாப்பாடு விழுவதையும், பஸ் வராத ஊரிலிருந்து பிள்ளை பத்திரமாகப் போய்ச் சேர்வதையும், ஒரு டீச்சருக்குத் தெரிந்தது அடுத்த டீச்சருக்குத் தெரிவதையும் உறுதிசெய்ய வேண்டியது அரசு. ஐந்து வருஷம் பார்த்துப் பார்த்து வளர்த்த பிள்ளையை, ஆறாவது வருஷத்தின் முதல் நாள் வெறும் வயிற்றோடு தெரியாத கேட்டுக்கு முன்னால் தனியாக நிறுத்திவிடக் கூடாது.